இருபத்திரண்டரை

தொலைபேசி அடித்தபோது தையல்காரர் தன் மனைவியின் சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத் தையலில் பாதி தூரம் வந்திருந்தார். பிளேடு விரலிடுக்கில், நூல் துணுக்கு உதட்டில், சட்டை மடியில். நான்கு மாதத்தில் அதே சட்டையை மூன்றாவது முறையாகப் பிடித்துத் தைக்கிறார். உள்ளே மடிந்து மடிந்து துணி தடித்துப்போயிருந்தது. வெட்டி எறிந்துவிட்டால் வேலை சுலபம். உடம்பு தேறினால் மறுபடி விரித்துக்கொள்ளலாம் என்று முதல் முறை வெட்டாமல் விட்டார். இரண்டாவது முறையும் அப்படித்தான் நினைத்தார். இந்த முறை அப்படியெல்லாம் நினைக்கவில்லை. ஆனாலும் வெட்டவில்லை.

காலையில்தான் அளவெடுத்திருந்தார். கட்டிலில் அவளைத் தலையணைமேல் சாய்த்து, மார்பைச் சுற்றி டேப்பை இழுத்தவர், எண்ணைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

"எத்தனை?" என்றாள்.

"எத்தனையா இருந்தா என்ன, விடு."

"எண்ணை மறைக்கிறது எங்க லேப்ல பெரிய குத்தம். சொல்லுங்க."

சொன்னார். இடுப்பையும் சொன்னார். தோளைச் சொல்லுமுன் டேப்பை இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். தோள்கூட இப்படி வற்றும் என்பது முப்பது வருடத் தொழிலில் அவருக்குத் தெரியாத சங்கதி. கடைசியாகக் கையை நீட்டிப் பிடித்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் டேப்பை ஓட்டினார். இருபத்திரண்டரை. இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் ஆய்வுக்கூடக் கோட்டுக்கு அளந்தபோது எத்தனை இருந்ததோ, அதே இருபத்திரண்டரை. அதன்பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் அளக்குமுன்பே அவள் சொல்லிவிடும் எண். நம்பாமல் இடது கையையும் அளந்தார். அதுவும் அதேதான். எலும்பின் நீளம் எங்கே போகும், இது என்ன அதிசயம் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் அந்த ஓர் எண் மட்டும் அசையாமல் நின்றதில் அவருக்குப் பைத்தியக்காரத்தனமாக ஒரு சந்தோஷம் வந்தது. அவளிடம் சொல்ல வாயெடுத்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

தொலைபேசி அவளுடையது. பிடிக்கக் கையில் வலு இல்லை என்று இரண்டு வாரமாக அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. திரையைப் பார்த்தார். மைனா.

மைனா என்பது அவள் மாணவி. மூச்சுவிடாமல் பேசும் பெண். ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் உதட்டிலிருந்த நூலைத் துப்பிவிட்டு, சட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தார்.

"சொல்லும்மா."

மைனா பேசவில்லை. பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண்ணிடமிருந்து அப்படி ஓர் அமைதியை அவர் கேட்டதே இல்லை.

"அண்ணா, மேடம் பக்கத்துல இருக்காங்களா?"

"இல்ல. வெளிய வந்துட்டேன்."

"குறையுதண்ணா." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். "வெறும் குழாய்லயும் குறையுது. முன்னாடி அறுபத்தொண்ணு புள்ளி எட்டு, மருந்து போட்டப்புறம் பத்தொம்பது புள்ளி மூணு. நாலு தடவை பண்ணிட்டேன். மேடம் சொன்னதுதான் சரி."

மேடம் சொன்னது என்னவென்று அவருக்குத் தெரியும். அவர் படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனதுதான், ஆனால் இருபது வருடமாக ஒரு வேதியியல்காரியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். கல்யாணமான புதிதில் அவள் தன் வேலையை அவருடைய கடையிலிருந்த ஒரு ஜிப்பை எடுத்து வைத்துக்கொண்டுதான் விளக்கினாள். "ஒரு செல் ரெண்டாகணும்னா உள்ள இருக்கிற இந்த ஜிப் முழுசாத் திறக்கணும். இதுக்குப் பேருதான் டி.என்.ஏ. புத்துநோய் செல்லுக்கு வேற வேலையே இல்லை, திறந்து திறந்து பெருகிக்கிட்டே இருக்கும். நாங்க என்ன பண்றோம்? பல்லுக்கு நடுவுல துணியை மாட்டி விடுறோம். திறக்க முடியாம அது செத்துப்போகும்." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஜிப்பில் துணி மாட்டாமல் இருக்க அவர் காலமெல்லாம் பாடுபடுகிறார். இவளுக்கு மாட்டிவிடச் சம்பளம் கொடுக்கிறார்கள். நல்ல குடும்பம்.

அவள் செய்த நாற்பத்தொன்றாவது மருந்து நன்றாக மாட்டியது. ஆறு வருடமாக வீட்டில் அதன் பெயரே 'நாப்பத்தொண்ணு'தான், பிள்ளையைச் சொல்வதுபோலச் சொல்வாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாட்டுகிறதா இல்லையா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள். டி.என்.ஏ.யின் பற்களுக்குள் புகுந்துகொண்டு ஒளிரும் ஒரு சாயம் உண்டு. மருந்து உள்ளே போனால் சாயத்தை வெளியே தள்ளும், ஒளி குறையும். நாற்பத்தொன்றைப் போட்டதும் ஒளி சடசடவென்று சரிந்தது. அன்றைக்கு அவள் கடைக்கே ஓடிவந்து, வாடிக்கையாளர் ஒருவர் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே, "மாட்டிக்கிச்சுங்க!" என்று கத்தினாள். அந்த மனிதர் பதறிப்போய்த் தன் ஜிப்பைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு அவளுக்கே புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் அவள் கைநரம்பில் ஏற்றிய மருந்து செக்கச்செவேல் என்று இருந்தது. "இது நம்ம பங்காளி வீட்டு மருந்துங்க, இதுவும் ஜிப்புல மாட்டுற ஜாதிதான்" என்றாள். "நாளைக்கு பாத்ரூம்ல சிவப்பாப் போகும், ரத்தம்னு பயந்து கத்தாதீங்க, சாயம்தான்." பங்காளி முதலில் கொஞ்சம் கேட்டான், பிறகு கேட்கவில்லை. கடைசித் தடவை ஏற்றியபோது அந்தச் சிவப்புக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நாப்பத்தொண்ணுக்கு நிறம் இருக்குங்க."

"இருக்கட்டுமே. அழகா மஞ்சளாத்தான இருக்கு."

"நாப்பதுக்கு நிறம் இல்லை."

விஷயம் இதுதான். ஒளி குறைந்தால் மருந்து சாயத்தைத் தள்ளியது என்று மட்டும் அர்த்தமில்லை. மருந்துக்கே நிறம் இருந்தால் அது வெளிச்சத்தை விழுங்கியும் தொலைக்கலாம். அதனால் டி.என்.ஏ. போடாமல், தனியாகவும் கொஞ்சம் ஒளிரும் அந்தச் சாயத்தை மட்டும் போட்ட வெறும் குழாயிலும் ஒருமுறை பார்த்தாக வேண்டும். அதில் ஒளி குறையக் கூடாது. நாற்பதாவது மருந்துக்கு அவள் பார்த்திருந்தாள், குறையவில்லை. நாற்பத்தொன்று நாற்பதின் தங்கை மாதிரி, ஓரத்தில் ஒரு சின்னக் கிளைதான் வித்தியாசம். அன்றைய அவசரத்தில் நாற்பதின் எண்ணையே நாற்பத்தொன்றுக்கும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தச் சின்னக் கிளைதான் மஞ்சள் நிறத்தைக் கொண்டுவந்தது.

"அக்காவுக்கு எடுத்த அளவுல தங்கச்சிக்குச் சட்டை தெச்சுட்டேங்க," என்றாள். அதற்குமேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு வலியைவிட அந்த வெறும் குழாய்தான் பெரிதாகிவிட்டது. கிண்ணத்தில் செல்கள் செத்ததே என்று மைனா சொன்னாள். சாராயத்தை ஊற்றினாலும் சாகும், எதனால் செத்தது என்று தெரியாவிட்டால் அதற்குப் பெயர் மருந்தில்லை, விஷம் என்று இவள் திருப்பிச் சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் ஒளியை அளக்கும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. பத்து நாளாகத் தினமும் கேட்டாள். நேற்றுத்தான் சரியாயிற்று. "மைனா போன் பண்ணாளா?" என்பது இன்று காலை ஐந்து மணியிலிருந்து ஏழு தடவை.

"அண்ணா, மேடம்கிட்ட நான் எப்படிச் சொல்வேன்?" என்றாள் மைனா.

"நீ சொல்லாத. நான் சொல்லிக்கிறேன்."

போனைப் பையில் போட்டார். கீழ்வீட்டுக்காரர் துணி உலர்த்திக்கொண்டே, "டாக்டரம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்கு இன்னமும் அவள் ஊசி போடும் டாக்டர்தான். காய்ச்சல், வயிற்றுவலி என்று வந்து நிற்பார்கள், அவளும் கஞ்சி குடிக்கச் சொல்லி அனுப்புவாள். பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்தார்.

அவள் கண் திறந்திருந்தது. முகத்தில் இப்போது பெரிதாக இருப்பது கண் மட்டும்தான்.

"மைனாவா?"

"ம்."

"என்ன சொன்னா?"

"குறையலையாம்."

வார்த்தைகளை ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க முடிந்தது. "வெறும் குழாய்லயா?"

"ஆமாங்கிறேன். வெறும் குழாய்ல குறையவே இல்லையாம். நீ சும்மா கெடந்து பயந்த. மருந்து ஜிப்புலதான் போய் மாட்டுதாம். பொண்ணு சந்தோஷத்துல அழுவுறா."

"எண் சொன்னாளா?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. அவருடைய தொழிலில் ஒரே ஒரு பொய்தான் உண்டு, 'நாளைக்குத் தந்துடுறேன்' என்பது. அதை எல்லோரும் நம்பாமலே கேட்டுக்கொண்டு போவார்கள். இது வேறு மாதிரிப் பொய். கையில் பாதி பிரிந்த சட்டை தொங்கியது.

"சொன்னாளே."

"மருந்துக்கு முன்னாடி?"

"இருபத்திரண்டு." சட்டென்று ஞாபகம் வந்தவராக, "புள்ளி அஞ்சு" என்று சேர்த்துக்கொண்டார். ஆய்வுக்கூடத்து எண்களில் புள்ளி உண்டு என்பது அவருக்குத் தெரியும். அந்தப் புள்ளியைப் போட்டதில் ஒரு தைரியமும் வந்தது.

"பின்னாடி?"

"அதேதான். ரெண்டும் ஒண்ணுதானாம். இருபத்திரண்டு புள்ளி அஞ்சு."

அவள் அவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கடன் கேட்டவன்போல அவர் தலையைக் குனிந்து சட்டையின் பொத்தானைத் திருகினார்.

"நோட்டை எடுங்க," என்றாள்.

"இப்ப எதுக்கும்மா அது?"

"எண் வந்தா எழுதணும்."

தடித்த அட்டை போட்ட ஆய்வுக்கூட நோட்டு. பதினான்காவது. அதற்கென்று சட்டதிட்டம் உண்டு. அதை வீட்டுக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். ஒருமுறை அவர் கடை அளவுப் புத்தகத்தில் ஓர் எண்ணை ரப்பரால் அழித்ததைப் பார்த்துவிட்டுப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "அழிக்கவே கூடாதுங்க. தப்பா இருந்தா மேல ஒரே ஒரு கோடு. அடியில இருக்கிற எண் தெரியணும். பக்கத்துல ஏன் அடிச்சீங்கன்னு காரணம், கையெழுத்து, தேதி, மணி." அன்றிலிருந்து அவரும் அப்படியே செய்கிறார். ஒருவரின் இடுப்பு முப்பத்திரண்டை ஒற்றைக் கோடால் அடித்து, முப்பத்தாறு என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் 'கல்யாணம்' என்று போட்டிருக்கிறார். அதைப் பார்த்து அவள் இரண்டு நாள் சிரித்தாள்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினார். தேதி. மருந்து நாற்பத்தொன்று. டி.என்.ஏ. இல்லாத குழாய். முன், 22.5. பின், 22.5. அவள் எழுத்து நிறைந்த நோட்டில் தன் எழுத்து முதல் தடவையாக விழுவதைப் பார்க்க அவருக்கே கூசியது.

"கையெழுத்துப் போடுங்க. யாரு எழுதுறாங்களோ அவங்க போடணும்."

போட்டார்.

"அப்ப ஆறு வருஷம் வீணில்லை," என்றாள்.

"வீணாவது ஒண்ணாவது."

"நல்லதுங்க." கண்ணை மூடினாள். பிறகு, "கொஞ்சம் வெந்நி தர்றீங்களா? வெதுவெதுன்னு."

சமையலறையில் அவருடைய அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ள வந்து மூன்று மாதமாகிறது. வந்த அன்றே அலமாரியை எல்லாம் மாற்றி அடுக்கினவள். யாருக்கும் இடம் கொடுக்காமல் பேசுபவள். இவர் முகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"என்னடா?"

"எல்லாம் போச்சுக்கா. அந்த மருந்து ஒண்ணுமே இல்லையாம். ஆறு வருஷமா அவ பாத்துக்கிட்டிருந்தது வெறும் மஞ்சத்தண்ணி."

"ஐயோ. அவகிட்ட சொல்லிட்டியா?"

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்." அடுப்பைப் பற்றவைக்க மூன்று முறை முயன்றார். "நம்பிட்டாக்கா."

அக்கா அவர் கையிலிருந்து லைட்டரை வாங்கிப் பற்றவைத்தாள். "நீ பண்ணதுதான்டா சரி. சாகப்போறவகிட்ட உண்மையைச் சொல்லி யாரு மெடல் வாங்கப்போறா? நிம்மதியாப் போகட்டும்." சொல்லிவிட்டு, ஈரக் கையோடு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். தண்ணீர் கொதித்துப்போய், ஆறவைக்க வேண்டியதாயிற்று.

அவர் திரும்பி வந்தபோது பேனா தரையில் கிடந்தது. மூடி கழன்றிருந்தது. போர்வையில் கட்டைவிரல் அகலத்துக்கு மை ஊறியிருந்தது. நோட்டு மூடியபடி அவள் இடுப்போரம் கிடக்க, அவள் வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"பேனாவை மூடாம வெச்சுட்டுப் போயிருக்கேன் பாரு, அறிவே இல்லை எனக்கு," என்று தன்னையே திட்டிக்கொண்டு பேனாவை மூடினார். நோட்டை அலமாரிமேல் வைத்தார். இரண்டு ஸ்பூன் தண்ணீர் இறங்கியது. மூன்றாவது வழிந்தது.

"சட்டை?" என்றாள்.

"பத்து நிமிஷம். கையாலேயே தெச்சுடுறேன்."

கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்தார். இயந்திரத்தில் அடித்தால் இரண்டு நிமிட வேலை, எழுந்துபோக மனமில்லை. முடித்ததும் அக்காவைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அவளுக்கு மாட்டிவிட்டார்கள். பொத்தான்களைப் போட்டுவிட்டு, கைப்பட்டியை மணிக்கட்டில் இழுத்துச் சரிசெய்தார். அவள் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை சரியா இருக்குங்க," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் முழுதாக ஒன்றும் பேசவில்லை. மதியம் மூச்சு மாறியது. இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. மூன்று மணிக்குக் கால் மணி இருக்கும்போது ஓர் இடைவெளி முடியவில்லை. அடுத்த மூச்சுக்காக அவர் காத்துக்கொண்டே இருந்தார். அக்கா வந்து, "போதும்டா, விடு" என்று அவர் கையைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அடக்கம் மறுநாள் காலையில். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அவளைச் சுற்றி நின்ற பலர் ஆய்வுக்கூடத்தில் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டை அவர்தான் தைத்திருந்தார். அளவெடுத்த உடம்புகள் எல்லாம் வந்து அவர் கையைப் பிடித்தன. துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பேசினார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

"அவங்க நம்மளை விட்டுப் போகலை. நாப்பத்தொண்ணு இருக்கு. இனிமே அதுக்கு வெறும் எண் இல்லை, அவங்க பேரையே வெக்கப்போறோம். இன்னும் கொஞ்ச காலம் இருந்திருந்தா, அவங்க மருந்தே அவங்களைக் காப்பாத்தியிருக்கும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தின் கடைசியில் மைனா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ, "முகத்தைப் பாருங்க, எவ்வளவு நிம்மதி" என்றார்கள். அவர் பார்த்தார். நிம்மதிதான். அந்த நிம்மதியைத் தைத்துக் கொடுத்தது தான்தான் என்று ஓர் எண்ணம் வந்தது. அந்த இரண்டு நாளில் அவரை நிற்கவைத்தது அது ஒன்றுதான். மனைவியைக் காப்பாற்ற முடியவில்லை. பங்காளி வீட்டு மருந்தும் முடியவில்லை, அவளுடைய மருந்தோ மருந்தே இல்லை. ஒரு தையல்காரன் ஒரு பொய் சொல்லி, கடைசி நான்கு மணி நேரத்தை அவளுக்கு முழுசாகக் கொடுத்துவிட்டான். அதையாவது செய்தான்.

வண்டி கிளம்பும்முன் மைனா அருகில் வந்தாள்.

"அவகிட்ட நல்லபடியாச் சொல்லிட்டேம்மா," என்றார் மெதுவாக. "குறையலைன்னு."

மைனா நிமிர்ந்து பார்த்தாள். "நம்பினாங்களா அண்ணா?"

"நம்பினா. நல்லதுன்னு சொன்னா."

"சார்கிட்ட நான் உண்மையைச் சொல்லித்தான் ஆகணும்ணா. இவரு பேரெல்லாம் வெக்கிறேங்கிறாரு. எனக்கு பயமா இருக்கு."

"தாராளமாச் சொல்லு. இனிமே யாருக்குத் தெரிஞ்சா என்ன? அவளுக்குத் தெரியாமப் போச்சுல்ல, அது போதும் எனக்கு."

மூன்றாம் நாள் காலை அவர் கடையைத் திறக்கவில்லை. வீட்டில் தையல் இயந்திரத்தின்மேல் அக்கா ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தாள். பத்து மணிக்கு மைனா வந்தாள். பதினான்காவது நோட்டு வேண்டும். துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டாளாம். அவர் முதலில் கத்தினாராம், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். உண்மையான எண்ணை நோட்டிலேயே ஏற்றிக் கொண்டுவரச் சொன்னாராம்.

"அதுல நான் கிறுக்கி வெச்சிருக்கேன்," என்றார். திருடிப் பிடிபட்டவன்போல இருந்தது. "அவ எழுதச் சொன்னா. என்ன பண்றதுன்னு தெரியாம ரெண்டு பொய் எண்ணை எழுதிட்டேன். நீங்க ஒரு கோடு போட்டு அடிப்பீங்கல்ல, அப்படி அடிச்சுக்க."

"பரவால்லண்ணா. என்ன எண் சொன்னீங்க?"

"இருபத்திரண்டு புள்ளி அஞ்சு."

"ரெண்டுக்குமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னேன். அப்பத்தான குறையலைன்னு ஆகும்?"

மைனா அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். நோட்டை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா?"

"ஒண்ணுமில்லண்ணா." பிறகு, பொய் சொல்லத் தெரியாதவளாய்ச் சொன்னாள்: "அந்த மெஷின்ல ஒரே குழாயை ரெண்டு தடவை வெச்சாக்கூட ஒரே எண் வராதுண்ணா. புள்ளிக்கு அப்புறம் கொஞ்சமாவது மாறும். மேடம் எங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுத்தது. ரெண்டு எண் அச்சு அசலா ஒண்ணா இருந்தா எவனோ வீட்டுல உக்காந்து எழுதியிருக்கான்னு."

சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பியவள் நின்றுவிட்டாள். கண்களை இடுக்கிக் குனிந்து பார்த்தாள். நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவருடைய எழுத்து அப்படியே இருந்தது. முன், 22.5. பின், 22.5. இரண்டு எண்களின்மேலும் ஒரே ஒரு கோடு, ஆரம்பத்தில் அழுத்தமாக, நடுவில் தடுமாறி, கடைசியில் தாளைக் கீறிக்கொண்டு ஓடியிருந்தது. அடியில் எண் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் காரணம் எழுதியிருந்தது. ஸ்பூன் பிடிக்க முடியாத கையால் எழுதிய எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

'அளவீடு அல்ல. என் கை நீளம்.'

அதற்குக் கீழே அவள் கையெழுத்து. தேதி. மணி, பத்து நாற்பது.

பத்து நாற்பதுக்கு அவர் சமையலறையில் நின்றிருந்தார். நம்பிட்டாக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவள் நான்கு மணி நேரம் உயிரோடு இருந்தாள். அந்த நான்கு மணி நேரமும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்து, அவளுக்கு எதிரே சந்தோஷமாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

மைனா அழுதுகொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து அக்கா, "யாரது? டீ போடவா?" என்று கேட்டாள்.

அவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். அதே பேனா. மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"சரியான எண் என்னமோ சொன்னியே, அதை எழுதும்மா."

"இப்பவேவா அண்ணா?"

"எண் வந்தா எழுதணும்."

மைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையருகில் மண்டியிட்டாள். கோட்டுக்குக் கீழே இடம் கொஞ்சம்தான் இருந்தது. நடுவில் தைத்த நோட்டு தானாக மூடிக்கொள்ளப் பார்த்தது. அவர் எதிர்ப்பக்கம் வந்து நின்று, இயந்திரத்துக்கு அடியில் துணி ஓடாமல் பிடிப்பதுபோல இரண்டு உள்ளங்கைகளாலும் தாளை அகலமாக அழுத்திக்கொண்டார். அவள் அறுபத்தொன்று புள்ளி எட்டு என்று எழுதும்வரை கையை எடுக்கவில்லை.